உண்மையுள்ள உக்கிராணக்காரன்

வேதபாடம்: லூக்கா 12:42–48, மத்தேயு 25:14–30, 1 கொரிந்தியர் 4:1, 2

"ஊழியம்" என்னுஞ் சொல் நமது கலாசாலையில் மிகுதியாய் வழங்கும் சொற்களுள் ஒன்று. ஆலயத்திலும், ஆண்டு விழாவிலும், விடுதிக் கூட்டங்களிலும் அதனைக் கேளாத மாணாக்கர் இலர். ஆயினும் பலர் கைபட்ட நாணயத்தில் முத்திரை தேய்ந்துபோவதுபோல, அடிக்கடி வழங்கும் சொற்களிலும் பொருள் தேய்ந்துபோவதுண்டு. ஊழியம் என்றவுடன் நம்மிற் பலர் ஒரு நாட்செயலையே நினைக்கிறோம். ஒரு கிராமத்திற்குச் சென்று வருதல், ஒரு நிதிக்குப் பணம் திரட்டுதல், ஒரு மேடையில் உருக்கமாய்ப் பேசுதல் என்பன போன்றவையே நம் மனத்தில் எழுகின்றன. வேதம் ஊழியக்காரனிடத்தில் தேடுவதோ உருக்கமன்று, உண்மை. இக்கட்டுரையில் அவ்வுண்மை இன்னதென்று ஆராயப் புகுகின்றோம். அதற்கு உதாரணமாக நம் மாணாக்கர் பலருக்குச் சொந்த ஊராகிய தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் எடுத்துக்கொள்வோம். அப்பள்ளத்தாக்கில் ஓடும் நீரே இப்பாடத்திற்குத் தக்க போதகனாகும்.

1. சொல்லின் பொருள்

நமது பழைய தமிழ் வேதாகமத்தில் லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் "விசாரணைக்காரன்" என்றும், அதே சுவிசேஷத்தின் பதினாறாம் அதிகாரத்தில் "உக்கிராணக்காரன்" என்றும் இரு சொற்கள் வருகின்றன. கிரேக்க மூலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்லே. "ஓய்க்கொனொமொஸ்" என்னும் அச்சொல்லுக்கு வீட்டை நிர்வகிப்பவன் என்பது பொருள். உக்கிராணம் என்பது பண்டசாலை. கல்யாண வீடுகளில் அரிசி, பருப்பு, காய்கறி முதலியவற்றைச் சேர்த்துவைக்கும் அறையை இன்றும் நம்மவர் உக்கிராணம் என்றே கூறுவர். அவ்வறைக்குச் சாவி வைத்திருப்பவர் பண்டங்களுக்கு உடையவரல்லர். பந்தியில் அமர்ந்து உபசரிக்கப்படுபவருமல்லர். இருப்பை அறிந்து, வேண்டியதை வேண்டிய வேளையில் எடுத்துக் கொடுத்து, இறுதியில் வீட்டாருக்குக் கணக்கொப்புவிப்பவர் அவர். அவர் பெயரை மணமக்கள் அறியாதிருக்கலாம். ஆனால் அவர் தவறினால் கடைசிப் பந்தி பட்டினி கிடக்கும்.

நம் ஆண்டவர் அவ்வுக்கிராணக்காரனுக்குக் குறிக்கும் வேலையைக் கவனிப்போம். அவன் எஜமானுடைய வேலைக்காரருக்கு உரிய படியை உரிய காலத்தில் அளக்கவேண்டும். "படி" என்பது நாளொன்றுக்கு அளந்து கொடுக்கும் உணவு; அளக்கும் கருவியும் படியே. ஆகவே இவ்வுவமையில் மூன்று கருத்துக்கள் அடங்கியிருக்கின்றன. பொருள் பிறருடையது என்பது முதலாவது. அளவும் காலமும் தவறலாகாது என்பது இரண்டாவது. எஜமான் திரும்பி வரும்போது கணக்குக் கேட்பார் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

2. உடைமையன்று, ஒப்படைப்பே

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்னும் ஊர்களின் வழியே தேனியை நோக்கி வருவோர், சாலையின் இருமருங்கும் நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் திராட்சைப் பந்தலும் நிறைந்திருக்கக் காண்பர். மேற்கில் நீலநிறமாய் மலைத்தொடர் நிற்கும். இவ்வளத்தைக் காண்பவர், இது இம்மண்ணிற்கு இயற்கையாய் வாய்த்ததென்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இப்பள்ளத்தாக்கை நனைக்கும் நீரிற் பெரும்பகுதி, மலைக்கு அப்பால் மேற்றிசை நோக்கி ஓடி அரபிக்கடலிற் கலக்கும் பெரியாற்றின் நீர். மனிதர் மலையைத் துளைத்து அதனைக் கிழக்கே திருப்பினர்.

இக்கருத்து ஒருவர் உள்ளத்தில் ஒருநாளில் உதித்து நிறைவேறியதன்று. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்து, செலவு மிகுதியென்று கண்டு கைவிட்டார். 1808-இல் கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு, இது வீண்கனவென்று அறிக்கை எழுதினார். 1850-இல் தொடங்கிய சிறுமுயற்சி, மலைக்காட்டின் நோய்க்கஞ்சிய தொழிலாளர் கூலியுயர்வு கேட்டதனால் நின்றது. 1867-இல் ரைவ்ஸ் என்பவர் மண்ணணை ஒன்றிற்குத் திட்டம் வரைந்தளித்தார். அதனைப்பற்றி ஆலோசனை நடந்துகொண்டிருக்கையிலேயே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-லும் அதனையடுத்த ஆண்டுகளிலும் தென்னாடு பட்ட துயரத்தைப் பாட்டிமார் வாய்மொழியாய் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதன்பின் 1882-இல் மேஜர் ஜான் பென்னிகுவிக் என்பவரிடம் இவ்வேலை ஒப்புவிக்கப்பட்டது. அவர் திருத்தி எழுதிய திட்டம் 1884-இல் அங்கீகரிக்கப்பட்டது.

1886-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசுக்கும் ஆங்கில அரசாங்கத்திற்கும் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி ஏறக்குறைய 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாய் விடப்பட்டது. இவ்விடத்தில் மாணாக்கர் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். 999 ஆண்டு என்பது முப்பது தலைமுறைக்கு மேற்பட்ட காலம். ஆயினும் அது குத்தகையே, விலைக்கிரயமன்று. காலம் எவ்வளவு நீண்டதாயினும் குத்தகைக்காரன் நிலத்திற்கு உடையவன் ஆவதில்லை. அறுபதோ எண்பதோ ஆண்டு இவ்வுலகில் தங்கியிருக்கும் நாம், நம் உடல்வலியையும் கல்வியையும் பொருளையும் "என்னுடையது" என்று எவ்வளவு துணிவாய்ப் பேசுகிறோம்!

நம் கல்வியை எடுத்துக்கொள்வோம். நாம் அமர்ந்து படிக்கும் அறைகளை நாம் கட்டவில்லை. நம்மை ஒருபோதும் காணாத மனிதர் கடல்கடந்த ஊர்களில் சிறுசிறு காணிக்கைகளாய்ச் சேர்த்த பணம் இம்மதுரைச் சீமையின் மிஷன் கல்விச்சாலைகளில் கல்லாயும் புத்தகமாயும் நிற்கின்றது. நம் வீட்டிலோ, தன் மகன் படிக்கவேண்டுமென்று ஒரு தந்தை விற்ற மாடும், ஒரு தாய் அடகுவைத்த தோடும் நம் பட்டத்திற்குள் அடங்கியிருக்கின்றன. வயலிற் பாயும் நீரைத் தன் வயலில் ஊறியதென்று எண்ணும் உழவனும், பிறர் பிரயாசத்தினால் பெற்ற கல்வியைத் தன் திறமையினால் மாத்திரம் வந்ததென்று எண்ணும் பட்டதாரியும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

3. தேக்கமும் பாய்ச்சலும்

தாலந்துகளின் உவமையில் ஒரு தாலந்து பெற்றவனைப் பற்றி நாம் ஊன்றி நினைப்பதில்லை. அவன் திருடனல்லன், செலவாளியுமல்லன். பெற்றதைப் பத்திரமாய்ப் புதைத்துவைத்துக் குறையாமல் திருப்பிக் கொடுத்தான். அப்படியிருந்தும் அவன் கடிந்துகொள்ளப்பட்டான். காரணம் யாது?

பெரியாற்று வேலையின் அமைப்பு இதனை விளக்கும். அவ்வேலையில் இரு பகுதிகள் உண்டு. ஆற்றங்கால் மட்டத்திற்குமேல் 155 அடி உயரமாய்ச் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையாலும் கல்லாலும் கட்டிய அணை ஒன்று. நீர்ப்பிரிமுகட்டைத் துளைத்து ஏறத்தாழ ஒரு மைல் தூரம் செல்லும் சுரங்கவழி மற்றொன்று. அணையை அறிந்து வியப்பவர் பலர். சுரங்கத்தை நினைப்பவர் சிலர். அணை மாத்திரம் இருந்து சுரங்கம் இல்லாதிருந்தால், தேக்கடியில் அழகிய ஓர் ஏரி மாத்திரம் இருந்திருக்கும். படகிற் சென்று யானைகளைப் பார்த்து மகிழலாம். கம்பத்து வயலோ காய்ந்துகிடந்திருக்கும். அணையின்றிச் சுரங்கம் மாத்திரம் இருந்தால், ஆற்றுநீர் அதன் வாயளவுக்கு உயராது. நீர் வழக்கம்போல் மேற்கேயே ஓடியிருக்கும். இன்றும் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே இறங்கினால், எஞ்சிய நீர் எவ்வளவு இருப்பினும் அது கிழக்கே வருவதில்லை.

ஒரு தாலந்துக்காரன் சுரங்கமில்லாத அணையைப் போன்றவன். அவனிடம் இருப்பு இருந்தது; பாய்ச்சல் இல்லை. அறிவை நிரப்பிக்கொண்டு ஒருவருக்கும் உதவாத கல்விமானும், கணக்கில் மிச்சம் காட்டுவதையே நோக்கமாய்க் கொண்டு அயலாரின் பசியை மறந்த சபையும் அப்படிப்பட்டவரே. இதற்கு மாறாக, தேக்கமில்லாத பாய்ச்சலும் பயன்படாது. படிக்கவேண்டிய காலத்தில் படியாமல் எல்லா இயக்கங்களிலும் ஓடித்திரியும் மாணாக்கன், பிறருக்குக் கொடுக்க விரும்பும்போது தன்னிடம் ஒன்றுமில்லையென்று கண்டு வெட்குவான். நம் ஆண்டவரும் முப்பது ஆண்டு நாசரேத்தில் மறைந்திருந்தபின்னரே வெளிப்பட்டுப் பிரசங்கித்தார். தேக்குவதும் திறப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே உக்கிராணத்துவம்.

4. உரிய அளவு, உரிய காலம்

சுரங்கத்தின் வழியே வரும் நீர் லோயர் காம்பிற்கு இறங்கி, முல்லையாறாய்ப் பள்ளத்தாக்கின் நெடுக ஓடி, தேனியைக் கடந்து வைகையிற் சேர்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் மாத்திரம் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இதனால் பாசனம் பெறுகின்றது. அப்பால் மதுரை, மேலூர்ப் பகுதிகளின் வயல்களும் நகரத்தாரின் குடிநீரும் இதனைச் சார்ந்திருக்கின்றன. முதற்போகத்திற்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் நீர் திறப்பது வழக்கம். பருவமும் நீர்மட்டமும் இடங்கொடாத ஆண்டுகளில் அது பிந்துவதுமுண்டு. நாற்றங்கால் காத்திருக்கையில் வாராத நீர், கதிர் முற்றியபின் இருமடங்காய் வந்தாலும் பயனில்லை. உழவன் இதனை நன்கறிவான். "உரிய காலத்தில் படி" என்று வேதம் கூறுவதன் பொருளை, நாம் புத்தகத்திற் கற்பதைக் காட்டிலும் அவன் வயலில் தெளிவாய்க் கற்றிருக்கிறான்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். கால்வாயின் தலைப்பில் நிலம் உடையவனுக்கு நீர் எளிதில் கிடைக்கும்; கடைமடைக்காரனுக்கோ மேலுள்ளவர் விட்டதே கிடைக்கும். ஆகையால் ஒரு கால்வாய் செம்மையாய் நடைபெறுகின்றதோ என்று அறிய விரும்புவோர் தலைமடையிற் பார்க்கலாகாது. கடைமடையிற் சென்று பார்க்கவேண்டும். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீர்பாய்ச்சி என்றும் நீர்க்கட்டி என்றும் வழங்கப்படும் ஊழியக்காரர் இம்முறைமையைக் காப்பவர். இராவேளையில் மண்வெட்டியுடன் வரப்பின்மேல் நடந்து, எவர் பெரியவர் எவர் சிறியவர் என்று பாராமல், முறைப்படி வாய்மடையைத் திறந்தும் அடைத்தும் செல்பவர் அவர். சில ஊர்களில், அப்பாசனத்தில் தமக்கென நிலமில்லாதவரையே இவ்வேலைக்கு வைப்பர். சுயலாபம் இல்லாதவன் அளவில் ஓரஞ்செய்யான் என்பது அதன் கருத்து. நம் சபைகளுக்கும் சங்கங்களுக்கும் பொறுப்பாளரைத் தெரிந்தெடுக்கும்போது இக்கருத்தை நாம் எத்தனைமுறை நினைத்திருக்கிறோம்?

அளவென்பது நமக்கு வேண்டியவரைப் பற்றியது மாத்திரமன்று. அணைக்குக் கீழே மேற்றிசையில், இடுக்கி மலைச்சரிவுகளிலும் மக்கள் வாழ்கின்றனர். 1979-இல் அணையின் உறுதியைப்பற்றி அச்சம் எழுந்தபோது, நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையின் தலையிற் கனத்த கான்கிரீட் முடி ஏற்றியும், எஃகுவடங்களால் அடிப்பாறையோடு பிணைத்தும், பின்புறத்தில் புதிய கான்கிரீட் தாங்கு சேர்த்தும் அதனைப் பலப்படுத்தினர். 2006-லும் 2014-லும் உச்சநீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாமெனத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கின் நியாயங்களை எடைபோடுவது நமது நோக்கமன்று. ஆயினும் ஒன்று கூறுவோம். கிழக்கே உள்ளவனுக்கு இந்நீர் உயிர். மேற்கே உள்ளவனுக்கு இவ்வணையின் உறுதி உயிர். தன் பயிரை நினைப்பவன் அயலானுடைய அச்சத்தையும் நினைக்கக் கடமைப்பட்டவன். கட்டி முடித்தவுடன் பொறுப்பு முடிவதில்லை என்பதையும், ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாய் ஏற்று, சோதித்து, பழுதுபார்க்கவேண்டும் என்பதையும் அவ்வணை நமக்கு நினைப்பூட்டுகின்றது.

5. கணக்கொப்புவித்தல்

1887-இல் தொடங்கிய அவ்வேலை 1895 வரை நடந்தது. ஆற்றைத் தற்காலிகமாய்த் தடுக்க இட்ட அணைகளை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. மலைச்சுரத்தின் கொடுமையால் ஆண்டில் சில மாதங்கள் வேலை நின்றது. சுண்ணாம்பு முதலியவற்றைச் சமவெளியிலிருந்து கம்பிவடத்தின்வழியே மலைக்கு ஏற்றவேண்டியிருந்தது. வெள்ளம் வடிந்தபின் ஒவ்வொரு பருவத்திலும், போனதைக் கணக்கிட்டு, எஞ்சியதிலிருந்து மீண்டும் தொடங்கினர். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். பென்னிகுவிக் பின்னர் இங்கிலாந்தில் பொறியியற் கல்லூரியொன்றிற்குத் தலைவராயிருந்து இளைஞரைப் பயிற்றுவித்து, 1911-இல் காலமானார்.

அவரை இப்பள்ளத்தாக்கு மறக்கவில்லை. லோயர் காம்பில் 2013-இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் அவர் சிலை இருக்கின்றது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் பிறந்தநாளாகிய ஜனவரி 15-ஆம் நாளில் அவருக்கென்று பொங்கலிடும் ஊர்களும் உண்டு. இந்நன்றியுணர்ச்சி போற்றத்தக்கது. அரசாங்கம் பணம் மறுத்தபோது அவர் தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டிமுடித்தார் என்றொரு கதை நம் ஊர்களில் எங்கும் வழங்குகின்றது. நாமும் சிறுபிராயத்தில் அதனைக் கேட்டுக் கண்ணீர் விட்டதுண்டு. ஆனால் அக்கதைக்கு ஆவணச் சான்று இல்லை. வேலை அரசாங்கச் செலவில் நடைபெற்றது என்பதே பதிவுகள் காட்டும் செய்தி.

இதனைக் கூறுவதனால் அவர் பெருமையைக் குறைக்கிறோமா? இல்லை. பிறர் பணத்தைக் கையாளும் மனிதனுக்கு, தன் பணத்தைக் கொடுப்பவனைக் காட்டிலும் கடினமான ஒரு சோதனை உண்டு. தன் பணத்தைக் கொடுப்பவன் ஒருநாள் உருகிக் கொடுத்துவிடலாம். பிறர் பணத்தை வைத்திருப்பவனோ எட்டாண்டுக் காலம் ஒவ்வொரு மூட்டைச் சுண்ணாம்பிற்கும், ஒவ்வொரு நாட்கூலிக்கும் விடைகூறவேண்டும்; வெள்ளம் கொண்டுபோனதையும் மறைக்காமல் எழுதவேண்டும். நமக்குக் கதாநாயகர் வேண்டியிருக்கிறபடியால் உக்கிராணக்காரனை வள்ளலாக மாற்றிவிடுகிறோம். வள்ளலைக் கண்டால் கைதட்டிவிட்டு வீட்டிற்குப் போகலாம். உக்கிராணக்காரனைக் கண்டாலோ நம் கணக்கையும் எடுத்துப் பார்க்கவேண்டியதாகும்.

அக்கணக்கிலே எழுதப்படவேண்டிய இன்னொரு பத்தியும் உண்டு. அணை வேலையில் சென்னைப் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சரும், சமவெளியிலிருந்து ஏறிச்சென்ற கூலியாட்களும் உழைத்தனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் நோயினால் மாண்டு, அணையருகே அடக்கஞ்செய்யப்பட்டனர். அவர்களுக்குச் சிலையில்லை, அவர்கள் பெயரில் பேருந்து நிலையமில்லை. கம்பத்து அரிசியை உண்ணும் நாம் அவர்களுடைய கடனாளிகள். மனிதருடைய ஏட்டில் விட்டுப்போன பெயர்கள் தேவனுடைய ஏட்டில் விட்டுப்போவதில்லை என்பது நம் விசுவாசம். எனினும் அந்த விசுவாசம், மனிதருடைய ஏட்டை நாம் திருத்தாமல் விடுவதற்குச் சாக்காகக் கூடாது.

6. நம்முடைய கணக்கு

பிறர் கணக்கைப் பேசினோம்; இனி நம் கணக்கையும் மறைக்காமற் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சிலர், ஆசிரியரும் மாணாக்கருமாய்ச் சேர்ந்து, சின்னமனூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்ல ஒரு படிப்பகம் தொடங்கினோம். ஊரார் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தனர். தொடக்க நாளில் ஜெபித்தோம், உரை நிகழ்த்தினோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். அப்படம் கலாசாலை மலரில் வெளிவந்தது. நான்கு மாதங்கள் சென்றன. தேர்வுகள் வந்தன, ஒரு வாரம் தவறிற்று, பின்பு மறுவாரமும் தவறிற்று. விடுமுறைக்குப் பின் மாணாக்கரிற் சிலர் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். "அடுத்த ஆண்டு புதிதாய்த் தொடங்குவோம்" என்றோம். தொடங்கவில்லை.

இரண்டாண்டு கழித்து லோயர் காம்பிற்குச் சென்று திரும்பும் வழியில், ஏதோ கூச்சத்துடன் அவ்வூரில் இறங்கினோம். அறை பூட்டியிருந்தது, ஆனால் வாசல் பெருக்கியிருந்தது. அவ்வூரின் நீர்பாய்ச்சியாகிய முதியவர் ஒருவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். கடைசியாய்ப் போன சனிக்கிழமையன்று நாம் அவரிடம் அதனைக் கொடுத்திருந்ததையே மறந்திருந்தோம். உள்ளே பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன, கரும்பலகை துடைத்திருந்தது. எழுத்தறியாத அவர், நாம் விட்டுச்சென்ற புத்தகங்களைச் சுவரில் கரிக்கோடுகளாய்க் குறித்து எண்ணிக்கை வைத்திருந்தார். இரண்டு கோடுகளின்மேல் குறுக்கே கோடிட்டிருந்தது. கரையான் அரித்த இரு புத்தகங்களையும் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்து, அவிழ்த்துக் காட்டினார்.

"சாவிய எங்கிட்டத்தானே குடுத்துட்டுப் போனீக. ரெண்டு பொஸ்தகம் போச்சு சார். எம் மேல தப்புத்தான், பரண்ல வச்சிருக்கணும்" என்றார்.

நாம் வாய்திறக்கவில்லை. அவரே தொடர்ந்து, "பிள்ளைக ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சுக. என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

அவர் நம்மைக் குறைகூறவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாயிற்று. அவர் ஞானஸ்நானம் பெற்றவரல்லர்; உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவருமல்லர். நாமோ அதனைக் குறித்துக் கட்டுரை எழுதுகிறவர்கள். வேதத்தை அறிந்த ஆசாரியன் விலகிச்செல்ல, சமாரியன் நின்று உதவிய அவ்வழியை அன்று நாம் நேரே கண்டோம்.

மறுவாரமே மீண்டும் சென்றோம். இம்முறை புகைப்படம் எடுக்கவில்லை. யார் எந்தச் சனிக்கிழமை செல்வது என்று ஆண்டு முழுவதற்கும் ஒரு பட்டி எழுதினோம். வரமுடியாதவர் தமக்குப் பதில் ஒருவரை அனுப்பக் கடமைப்பட்டவர் என்றும், பட்டம் பெற்றுச் செல்பவர் தம் இடத்திற்கு ஒருவரைப் பழக்கிவைத்த பின்னரே செல்லவேண்டும் என்றும் முடிவுசெய்தோம். புதிய பிள்ளைகள் வந்தனர். ஆனால் முதலில் வந்த பிள்ளைகளுள் மூவர் அதற்குள் பள்ளியை விட்டு நின்று, வேலைக்குப் போய்விட்டனர். அவர்களுக்கு நாம் அளக்கவேண்டிய படிக்குரிய காலம் கடந்துபோயிற்று. மனஸ்தாபம் மன்னிப்பைத் தரும். கடந்த பருவத்தைத் திருப்பித் தராது. நாற்றுக் கருகியபின் திறந்த மடையைப் பற்றி முன்னே எழுதினோமே, அவ்வாக்கியத்தை நாம் எங்கே கற்றோம் என்பதை வாசகர் இப்போது அறிவர்.

ஆகையால் மாணாக்கரே, உங்களை நாம் பெரிய காரியங்களுக்கு முதலில் அழைக்கவில்லை. உங்கள் கையில் இப்போது ஒரு சாவி இருக்கின்றது. அது விடுதிக் கணக்காயிருக்கலாம். ஓய்வுநாட்பள்ளியில் ஒரு சிறு வகுப்பாயிருக்கலாம். வீட்டில் உங்களை எதிர்நோக்கியிருக்கும் தங்கையின் படிப்பாயிருக்கலாம். அதனை யார் கொடுத்தார், யாருக்காகக் கொடுத்தார், எப்போது கேட்பார் என்னும் மூன்றையும் நினைவில் வையுங்கள். கொஞ்சத்தில் உண்மையாயிருப்பவனிடமே எஜமான் அநேகத்தை ஒப்புவிக்கிறார். எஜமான் வரும் நாளில், நாம் எத்தனை திறப்பு விழாக்களில் நின்றோம் என்று கேளார். கடைமடைக்கு நீர் சேர்ந்ததா என்றே கேட்பார்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உம்முடைய கல்விக்காகப் பிரயாசப்பட்டவர்களுள் நீர் பெயரறிந்தவர் எத்தனை பேர், அறியாதவர் எத்தனை பேர்?

2. நீர் தொடங்கி விட்டுவிட்ட ஊழியம் ஏதேனும் உண்டா? அதன் கடைமடையில் இன்னும் காத்திருப்பவர் யார்?

3. உமக்கு ஒப்புவிக்கப்பட்டதில் பழுதானவற்றையும் மறைக்காமல் கணக்கொப்புவிக்க ஆயத்தமாயிருக்கிறீரா?

4. நீர் இவ்விடத்தை விட்டுச் செல்லும்போது உம் கையிலுள்ள சாவியை யாரிடம் கொடுப்பீர்? அவரைப் பழக்கத் தொடங்கினீரா?